குடல் புற்றுநோயும் பரம்பரையும் எதிர்ப்புச் சக்தியும்: மலையகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தாதியாக வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அறையில் கழிந்தது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆனாலும் ஹட்டன் பஸ் நிலையத்திலும் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ஆட்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பது அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு டொக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். டொக்டரிடம் போய் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

குடல்ல கான்சர்னா என்ன மிஸ்? வயித்துப் புண்ணு முத்திப்போய் வர்றதா?

இல்லை. வயிற்றுப் புண் இரைப்பையிலும் அதை ஒட்டிய பகுதியிலும் வருவது. நாம் பேசுவது பெருங்குடலையும் அதன் முடிவில் உள்ள மலக்குடலையும் பற்றி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம். அதன் உட்சுவரில் முதலில் சின்னப் பருப்போல ஒரு சதை முளைக்கும். அதைப் பொலிப் என்பார்கள். பல பொலிப்புகள் கடைசிவரை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சில மட்டும் வளர்ந்து, குணம் மாறிப் புற்றாகும். அதற்குப் பொதுவாக 10 வருடம் அல்லது அதற்கு மேலும் எடுக்கும்.

இந்த 10 வருடம் பெரிய அவகாசம். பொலிப்பாக இருக்கும்போதே கண்டுவிட்டால், கேமராக் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கு ஒன்றைப் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. திரையில் அதைப் பார்த்துக்கொண்டே "அவ்வளவுதானா?" என்று நோயாளி கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

ரிப்போர்ட்ல 'எபிதீலியம்'னு எழுதியிருக்கு. அது என்ன, கான்சருக்கு இன்னொரு பேரா?

பயப்பட வேண்டாம், அது எல்லோருக்கும் இருப்பது. பள்ளிப் புத்தகத்தில் 'மேலணி இழையம்' என்று படித்திருப்பீர்கள். தோல், வாய், உணவுக்குழாய், குடல், கருப்பை என்று உடம்பின் வெளிப்பக்கத்தையும் உட்குழாய்களையும் மூடியிருக்கும் போர்வை அது. பெருங்குடலில் இந்தப் போர்வை ஒரே ஒரு வரிசைக் கலங்களால் ஆனது. அதன் ஒரு பக்கம் மலமும் கோடிக்கணக்கான பக்டீரியாக்களும். மறு பக்கம் நம் இரத்தம். நடுவில் இருப்பது அந்த ஒற்றை வரிசையும், அதன் மேல் படிந்திருக்கும் வழவழப்பான சீதமும் மட்டுமே.

தேயிலைச் செடி ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து விடும். குடல் அதையும் முந்திக்கொள்ளும். நாலைந்து நாளில் அந்த வரிசை முழுவதும் உதிர்ந்து புதிதாகிவிடும். சுவரில் உள்ள நுண்குழிகளின் அடியில் தாய்க் கலங்கள் இருந்து, ஓயாமல் பிரிந்து புதுக் கலங்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். இத்தனை வேகமாகப் பிரதி எடுக்கும்போது பிழை விழத்தானே செய்யும். பிழையைத் திருத்துவதற்கு உடம்பில் ஏற்பாடு உண்டு. திருத்தாமல் தப்பியவை ஒரே கலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் புற்று. முதலில் ஏ.பி.சி. என்ற ஜீன், பிறகு கே.ராஸ், பிறகு பி53 என்று படிப்படியாகப் பழுதாகும் கதையை 1990இல் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். எல்லாப் புற்றும் அதே வரிசையில் போவதில்லை என்றாலும், படிப்படியாக வருவது என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வருது. மூலம்தான்னு சொல்றாங்க. மூலமா, கான்சரான்னு எப்படித் தெரியும்?

பார்க்காமல் தெரியாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. மூலத்தில் பொதுவாகப் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் கடைசியில் சொட்டும். மலத்தோடு கலந்து வரும் இரத்தம், கருஞ்சிவப்பு இரத்தம், சீதத்தோடு வருவது, வழக்கமாகப் போகும் நேரமும் பதமும் மாறி சில வாரம் நீடிப்பது, போய் முடித்தும் இன்னும் இருப்பதுபோலத் தோன்றுவது, காரணமில்லாமல் மெலிவது ஆகியவை கவலைக்குரியவை. ஆனால் மூலமும் இருந்து, அதற்கு மேலே புற்றும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகாது.

என் பெரியம்மாவுக்கு ஒன்றரை வருடம் மூலத்துக்கென்று களிம்பும் பத்தியமும் கொடுத்தார்கள். முருங்கைக் கீரை சாப்பிடு, காரம் குறை, மூட்டை தூக்காதே என்றார்கள். ஒருவர்கூட கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விரல் நுனிக்குத் தட்டுப்பட்டிருக்கும்; கட்டி அவ்வளவு கீழே இருந்தது. அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரியம்மாவும் வெட்கத்தில் முழுவதையும் சொல்லவில்லை. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒரு தாதி நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். தயவுசெய்து கேளுங்கள்.

எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. எனக்கும் வந்துருமா?

வரும் என்று சொல்ல முடியாது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் ஒருவருக்கு வந்திருந்தால், மற்றவர்களை விட உங்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பாவுக்கு 50 வயதுக்கு முன் வந்திருந்தாலோ, நெருங்கியவர்கள் இரண்டு பேருக்கு வந்திருந்தாலோ அது இன்னும் கூடும். ஆனால் ஒரே ஒரு பழுதான ஜீனால் நேரடியாக வருவது, குடல் புற்று வந்த 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான். மற்றக் குடும்பங்களில் சின்னச் சின்ன ஜீன் வேறுபாடுகளும், ஒரே சட்டிச் சாப்பாடும், ஒரே பழக்கங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன.

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது: நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்பே, இரண்டில் எது முதலோ அப்போது கேமராப் பரிசோதனை. அப்பாவுக்கு 46 வயதில் என்றால் மகனுக்கு 36 வயதில்.

எங்க குடும்பத்துல யாருக்கு என்ன நோய்னு எங்களுக்கே தெரியாது. பாதிப் பேர் இந்தியாவுல. என்ன செய்றது?

மலையகத்துக்கே உரிய சிக்கல் இது. வெளியூர் டொக்டர்களுக்குச் சில வேளை இது புரிவதில்லை. "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று நாம் சொல்வோம். அந்த 'இல்லை'க்கு உண்மையான பொருள் 'தெரியாது'. 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியா போக வேண்டும் என்று வகுத்தது. அண்ணன் போனார், தம்பி இங்கே இருந்தார். தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு நீலகிரியில் என்ன நோய் வந்தது என்பது இங்கே லயத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். நடுவில் உங்களைப் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேலே அப்பா அம்மா, அவர்களின் உடன்பிறந்தோர், அதற்கும் மேலே தாத்தா பாட்டிமார். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இரண்டே விஷயம்: என்ன நோய், எந்த வயதில். 'வயிற்றில் கட்டி', 'கருப்பை எடுத்தாங்க', 'ரத்தமாப் போயி செத்தாரு' என்று எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். வயது தெரியாவிட்டால், கடைசிப் பிள்ளை அப்போது எந்த வகுப்பு என்று கேட்டுப் பிடிக்கலாம். பிறகு கூடலூர், கோத்தகிரி உறவுகளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு கோல். ஒரு அக்கா இப்படித் தாள் எழுதி, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். அதில் தன் அத்தைகள் இருவருக்கும் 45 வயதுக்கு முன் கருப்பைப் புற்று என்று இருந்தது. டொக்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கீழே வைக்கவில்லை. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கருப்பைக் கான்சருக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

முன்பு சொன்னேனே, டி.என்.ஏ. பிரதி எடுக்கும்போது விழும் பிழையைத் திருத்த ஓர் ஏற்பாடு உண்டு என்று. அதில் வேலை செய்யும் ஜீன்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் அதற்கு லிஞ்ச் நோய்க்கூறு என்று பெயர். வேகமாகப் புதுப்பிக்கும் மேலணிகளில்தான் பிழை சீக்கிரம் குவியும். குடலும் கருப்பையின் உட்படலமும் அப்படிப்பட்டவை. சினைப்பை, இரைப்பை, சிறுநீர்ப் பாதையிலும் வரலாம். 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள், பலருக்குத் தெரியாது.

இதைக் கண்ட கதை என் மனதை விட்டுப் போகாதது. 1895இல் அமெரிக்காவில் ஆல்ட்ரட் வோர்தின் என்ற டொக்டரிடம் அவர் வீட்டுத் தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடல், வயிறு, கருப்பைப் புற்றால்தான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று சொன்னார். பிறகு அவர் கருப்பைப் புற்றால்தான் இறந்தார். வோர்தின் அந்தக் குடும்பத்தைத் தேடி எழுதி 1913இல் வெளியிட்டார். 1960களில் ஹென்றி லிஞ்ச் அந்த வேலையைத் தொடர்ந்தார். எல்லாம் ஒரு தையற்காரப் பெண் தன் குடும்பக் கதையைச் சொன்னதில் தொடங்கியது. அதனால்தான் கொப்பித் தாளைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

உறவில் மூன்று பேர், இரண்டு தலைமுறை, அதில் ஒருவருக்காவது 50 வயதுக்கு முன் என்றால் டொக்டர்கள் லிஞ்சை நினைப்பார்கள். லிஞ்ச் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொன்ன 10 வருடக் கணக்கு பொருந்தாது. பொலிப் சில வருடங்களிலேயே புற்றாகலாம். ஆகவே 20, 25 வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கேமராப் பரிசோதனை தேவைப்படும். இன்னொரு வகையில் ஏ.பி.சி. ஜீன் பிறவியிலேயே பழுதாக இருக்கும். பதின்ம வயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கில் பொலிப் முளைக்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் குடலையே எடுத்துவிட வேண்டிவரும். எடுக்காமல் விட்டால் 40 வயதளவில் புற்று ஏறக்குறைய நிச்சயம்.

மாமா மகளைக் கட்டினதாலதான் இந்த நோய் வந்துச்சுன்னு சொல்றாங்க. உண்மையா?

பெரும்பாலும் இல்லை. லிஞ்ச், ஏ.பி.சி. இரண்டும் அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, யாரைக் கட்டினாலும். எனவே முறைப்பெண்ணைக் கட்டிய குற்றம் என்று அழ வேண்டியதில்லை.

ஆனால் இரு பக்கமிருந்தும் பழுது வந்தால் மட்டும் வெளிப்படும் வகைகளும் உண்டு. மியூட்.ஒய்.எச். என்ற ஜீனால் வரும் பொலிப் நோய் அப்படி. பெற்றோர் இருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் அதே பழுதைச் சுமப்பதற்கான வாய்ப்பு கூடும். லிஞ்ச் உள்ள குடும்பத்துக்குள்ளேயே கட்டி, ஒரே ஜீன் இரு பக்கமும் பழுதாக வந்தால், பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே மூளை, இரத்தம், குடலில் புற்று வரும் அரிய நிலையும் உண்டு. ஆகவே குடும்பத்தில் லிஞ்ச் என்று தெரிந்திருந்தால், சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது. மற்றவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தி நல்லா இருந்தா கான்சர் வராதாமே? ஒரு பவுடர் விக்கிறாங்க.

பவுடரை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ கடலையும் இரண்டு கட்டுக் கீரையும் வாங்கலாம்.

எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே முக்கியம். உடம்பின் எதிர்ப்புக் கலங்களில் பெரும் பங்கு குடலைச் சுற்றியே இருக்கிறது. மேலணிக் கலங்களுக்கு நடுவிலேயே டி கலங்கள் உட்கார்ந்து, குணம் மாறிய கலத்தைக் கண்டால் கொல்லும். 2006இல் ஜெரோம் கலோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவினரும், குடல் கட்டிக்குள் டி கலங்கள் நிறைய நுழைந்திருந்த நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததைக் காட்டினார்கள். ஆனால் அதே எதிர்ப்புச் சக்தி ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தால் மேலணியே புண்ணாகும். புண் ஆற வேண்டும் என்று கலங்கள் இன்னும் வேகமாகப் பிரியும், பிழையும் கூடும். அதாவது, கூட்டிவிட்டால் சரி என்கிற சாமான் அல்ல அது. தேவையான இடத்தில் எழும்பி, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். எந்தப் பவுடராலும் அதைச் செய்ய முடியாது.

என் தம்பிக்குக் குடல் அழற்சி, 'கொலைட்டிஸ்'. அதுவும் கான்சராகுமா?

மேலே சொன்ன ஓயாத கொதிப்புக்கு உதாரணமே அதுதான். பெருங்குடலில் ஆறாப்புண் அழற்சி பரவலாக இருப்பவர்களுக்கு, நோய் தொடங்கி 8 வருடம் போனபின் ஒழுங்காகக் கேமராப் பரிசோதனை செய்ய வேண்டும். வயிறு சுகமாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கொதிப்பை அடக்கி வைப்பதே அவருக்குப் புற்றைத் தடுக்கும் வழியும். அடிக்கடி வயிறு கலங்குவதெல்லாம் இந்த நோய் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு எப்பவும் ரத்தம் குறைவு. பூச்சி மருந்து, இரும்பு மாத்திரை கொடுத்தாச்சு. அப்புறமும் ஏறல.

அம்மாவுக்கு என்ன வயது என்பதுதான் என் முதல் கேள்வி. தோட்டங்களில் கொக்கிப்புழு பழைய பிரச்சினை. அது சிறுகுடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். குடல் புற்று அதனால் வருவதில்லை. வயதுப் பெண்களுக்கு மாதவிலக்காலும் இரத்தம் குறையும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால், குடலைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பது தவறு. பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். முதல் அறிகுறியே மலை ஏற மூச்சு வாங்குவதாக இருக்கலாம்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் உடனே காட்டுங்கள்.

சாப்பாட்டுல என்ன மாத்தணும்? வெத்தலை போடுறதும் குடலைக் கெடுக்குமா?

வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் முதலில் கெடுப்பது வாயின் மேலணியை. இலங்கை ஆண்களிடம் அதிகம் பதிவாகும் புற்று வாய்ப் புற்றுதான். வாயில் வெள்ளை, சிவப்புத் தழும்போ புண்ணோ மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், வாய் முன்போல அகலத் திறக்காவிட்டாலும் காட்ட வேண்டும். 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் உணவுக்குழாய்க்கு நல்லதல்ல. குளிருக்கு இதமாக இருந்தாலும் தேத்தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள்.

குடலுக்கு வந்தால், சாராயம், சிகரெட், சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சி, உடல் பருமன் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நார்ச்சத்து நல்லது. நாரைப் பக்டீரியாக்கள் புளிக்கவைத்து 'பியூட்டிரேட்' என்ற அமிலத்தைத் தரும். குடல் மேலணியின் முக்கிய எரிபொருள் அதுதான். எதிர்ப்புக் கலங்களையும் அது அமைதிப்படுத்தும். நுவரெலியா கரட்டும் லீக்ஸும் லொறியில் கொழும்புக்குப் போகின்றன, தோட்டத்தில் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். ரொட்டிக்குக் குரக்கன் மா கலக்கலாம், பருப்பையும் கீரையையும் கூட்டலாம்.

கத்தி வச்சா, துண்டு எடுத்தா கான்சர் பரவிடும்னு சொல்றாங்களே?

பரவாது. கேமரா வழியாகக் கிள்ளி எடுக்கும் துண்டு அரிசி மணி அளவுகூட இருக்காது. அது இல்லாமல் என்ன நோய் என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. துண்டு எடுத்த பிறகு மோசமானவர்கள், நாள் கடந்து வந்தவர்கள்.

ஊசியிலேயே கட்டி கரைஞ்சு போகுதாமே, ஒப்பரேஷனே வேண்டாமாம்?

சிலருக்கு மட்டும் அது உண்மை. லிஞ்ச் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். திருத்தும் ஏற்பாடு பழுதான கட்டியில் ஆயிரக்கணக்கில் பிழை. அதனால் அந்தக் கலங்கள் விசித்திரமான புரதங்களைச் செய்யும். எதிர்ப்புக் கலங்கள் அவற்றை அந்நியம் என்று கண்டு சுற்றி வளைக்கும். கட்டியோ அவற்றுக்கு 'பிரேக்' போட்டுத் தப்பும். அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வகை மலக்குடல் கட்டி இருந்த முதல் 12 பேருக்கும் டொஸ்டார்லிமாப் என்ற மருந்தாலேயே கட்டி மறைந்தது.

ஆனால் குடல் புற்று உள்ள 100 பேரில் ஏறக்குறைய 15 பேரின் கட்டிதான் இந்த வகை. அவர்களிலும் பெரும்பாலானோருக்கு அது பரம்பரையாக வந்ததல்ல, வயதோடு கட்டிக்குள் மட்டும் நேர்ந்த மாற்றம். மற்றவர்களுக்கு இந்த ஊசி பெரிதாக வேலை செய்யாது. விலையும் மிக அதிகம். எனவே கேட்க வேண்டிய கேள்வி: "துண்டில் அந்த நாலு புரதமும் இருக்கிறதா என்று பார்த்தாச்சா?" பிழை திருத்தும் ஏற்பாட்டில் வேலை செய்யும் எம்.எல்.எச். 1, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6, பி.எம்.எஸ். 2 என்பவை அவை. கட்டித் துண்டில் சாயம் போட்டுப் பார்க்கும் பரிசோதனை இது. பரம்பரையா என்ற சந்தேகத்துக்கும் முதல் படி இதுதான்.

லிஞ்ச் இருக்கிறவங்க அஸ்பிரின் குடிச்சா போதுமாமே?

போதாது, ஆனால் பயன் உண்டு. லிஞ்ச் உள்ளவர்கள் இரண்டு வருடம் தினமும் 600 மில்லிகிராம் எடுத்ததில், பிற்காலத்தில் குடல் புற்று குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. கேமராப் பரிசோதனையை அதனால் விட முடியாது. அஸ்பிரின் இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கும்; டெங்குக் காய்ச்சலில் மிக ஆபத்தானது. டொக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

கேமரா விடுறதுக்கு முன்னாடி மருந்து குடிச்சுட்டு எப்படி மிஸ் பஸ்ல வர்றது?

இந்தக் கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரியும். முதல் நாள் கெட்டியான சாப்பாடு கிடையாது. பால் போடாத பிளேன்டீ, வடிகட்டிய சூப், இளநீர் குடிக்கலாம். பேதி மருந்தை லீட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடித்து, போகிற தண்ணீர் தெளிவாகும்வரை போக வேண்டும். ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் உள்ள லயத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆகவே திகதி கொடுக்கும்போதே, "தூரத்தில் இருந்து வருகிறேன், முதல் நாளே வார்ட்டில் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன் நிறுத்தச் சொல்வார்கள். சுகர் மாத்திரை, இரத்தம் உறையாமல் எடுக்கும் மாத்திரை பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜீன் டெஸ்ட்ல எனக்கு இருக்குன்னு வந்துருச்சு. இந்தியாவுல இருக்கிற சித்தப்பாவுக்குச் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. அவரிடம் எந்த ஜீன், எந்த இடத்தில் பழுது என்று கண்டுவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். சித்தப்பாவிடம் இல்லை என்றால், அவர் பிள்ளைகளுக்கும் அந்த வழியில் வராது. இருந்தால், அவர் மகள் 25 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம்.

ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அங்குள்ள டொக்டருக்கு அந்த ஜீனின் பெயரும் எண்ணும் தேவைப்படும். பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பயந்தால், ஊர்க் குழுவில் போடாமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முன்பு சொன்ன அந்த அக்கா, தாளில் இருந்த பதினொரு பேரையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு முடித்தார். கோத்தகிரியில் இருந்த ஒரு தங்கைக்கு, 38 வயதில், பெரிய பொலிப் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். புற்றாகவில்லை.